கரும்புச் சாறும் கண்ணாடிக் குமிழும்

முகூர்த்த நாளில் திருத்தணி மலையடிவாரத்தில் அரை மணி நேரம் நின்றால் நான்கைந்து ஆரத்தித் தட்டுகளாவது கண்ணில் படும். மலைமேல் முருகன் சன்னிதியில் தாலி கட்டி, கீழே மண்டபத்து வாசலுக்கு மணமக்கள் வந்து இறங்கியதும், அத்தையோ சித்தியோ தட்டோடு முன்னால் வந்து நிற்பார்கள். தட்டில் தளும்பும் நீர் ரத்தச் சிவப்பாக இருக்கும். மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் தொட்டு வைத்து, மிச்சத்தைத் தெருவோரம் கொட்டிவிட்டு எல்லோரும் பந்திக்குப் போய்விடுவார்கள்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? தண்ணீரில் கரைத்தது மஞ்சள்தூள். கூடச் சேர்த்தது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, அதுவோ வெள்ளை. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் வெளிர்மஞ்சள்தானே வர வேண்டும்? சிறுவயதில் பாட்டியிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் ஆகாதுடா, அதான் கோவத்துல செவக்குது" என்றாள். அதே தட்டில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். சிவப்பு போய், பழைய மஞ்சள் திரும்பிவிடும். முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்லும் ஊரில், தட்டில் உள்ள சிவப்பும் ஓர் எலுமிச்சையில் தணிந்துபோகிறது.

பாட்டி சொன்னதில் பாதி சரி. மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் இடையே உண்மையாகவே ஒரு பறிப்பு நடக்கிறது. பறிபோவது ஹைட்ரஜன். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். சுண்ணாம்பு நீர் அதனிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ள, குர்குமின் ஒளியை விழுங்கும் விதம் மாறி, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சைச் சாறு பறிபோனதைத் திருப்பிக் கொடுக்கிறது, நிறமும் திரும்புகிறது. இப்படி நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். பள்ளியில் பார்த்த லிட்மஸ் தாளும் இந்த வகைதான்.

கொடுப்பதும் பறிப்பதுமான இந்தப் பொருளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஹைட்ரஜன் அணுவுக்குச் சொத்து ஒரே ஓர் எலெக்ட்ரான். அதையும் இழந்தால் மிஞ்சுவது நேர்மின்னேற்றம் கொண்ட வெறும் கரு. மின்னேற்றம் பெற்ற அணுவை அயனி என்கிறோம். இது ஹைட்ரஜன் அயனி. தண்ணீரில் இது தனித்து நிற்காது, பக்கத்து நீர் மூலக்கூறின் தோளில் ஏறிக்கொள்ளும். எலுமிச்சையின் புளிப்பு, புளியின் புளிப்பு, தயிரின் புளிப்பு எல்லாம் நாக்கில் இந்த அயனி படுவதால் வருபவை. திருத்தணிப் பேருந்து நிலையத்தில் காது கொடுத்தால் தமிழில் புளிப்பு என்றும் தெலுங்கில் புலுப்பு என்றும் கேட்கும். இரண்டு மொழியும் குறிப்பது இந்த ஓர் அயனியைத்தான்.

ஆனால் எவ்வளவு புளிப்பு? இங்கேதான் நாக்கும் மஞ்சளும் கைவிட்டுவிடுகின்றன. மஞ்சள் ஓர் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். அதுவும் நீர் தெளிவாக இருந்தால்தான். பழுப்பும் பச்சையும் கலந்து கலங்கிய ஒரு திரவத்தில் மஞ்சளைப் போட்டு என்ன நிறத்தைப் பார்ப்பது?

அப்படியொரு திரவம் நாள் முழுக்க ஓடும் இடம் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பாடிய, ரத்தின சபை என்று சைவர்கள் போற்றும் திருவாலங்காட்டில்தான் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பைப் பிழிந்ததும் வரும் சாறு கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது. அமில அளவைச் சொல்லும் எண்ணைப் பிஎச் என்கிறார்கள். 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். புதுச் சாற்றின் பிஎச் ஏறக்குறைய 5.2 முதல் 5.5 வரை. அந்த அமிலத்தோடு சாற்றைச் சூடாக்கினால் கரும்புச் சர்க்கரை இரண்டாக உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிவிடும். இனிப்பு போகாது. ஆனால் அவை படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும். உழவர் வளர்த்த சர்க்கரை மூட்டையில் ஏறாமல் மொலாசஸ் தொட்டிக்குப் போகிறது என்று பொருள்.

அதனால் சுண்ணாம்புப் பால் ஊற்றி அமிலத்தை அடக்குகிறார்கள். வெல்லம் காய்ச்சுகிறவர்களும் கொப்பரையில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கைப்பக்குவம், கண்மதிப்பு. ஆலையில் அது போதாது. சுண்ணாம்பு கூடிவிட்டால் வேறு தொல்லை: குளுக்கோஸ் சிதைந்து கருநிறப் பொருள்கள் உண்டாகும், சர்க்கரை பழுப்பாகும். ஆகவே நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலானவற்றில் சுண்ணாம்போடு கந்தகத்தை எரித்த புகையையும் சாற்றுக்குள் செலுத்துகிறார்கள். சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றும், கந்தகப் புகை இறக்கும், நிறத்தையும் வெளுக்கும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய 7.0 அல்லது 7.1 என்ற இடத்தில் சாற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்போது அழுக்கெல்லாம் திரண்டு வண்டலாக அடியில் தங்கி, மேலே தெளிந்த சாறு நிற்கும். நாக்கால் இதைச் செய்ய முடியாது. கை வைக்க முடியாத சூட்டில், கந்தக நெடி அடிக்கும் பழுப்புச் சாற்றில், 6.9க்கும் 7.1க்கும் வித்தியாசம் சொல்ல ஒரு தனி நாக்கு வேண்டும். அந்த நாக்கு கண்ணாடியால் ஆனது.

அதற்கு முன் அந்த எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள், ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. எந்தப் படியில் ஏறினாலும் ஏறத்தாழ ஒரே உயரம்தான். பிஎச் படிக்கட்டு அப்படிப்பட்டதன்று. ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகளின் எண்ணிக்கை பத்து மடங்கு. இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு. எலுமிச்சைச் சாறு 2க்குச் சற்று மேலே, கரும்புச் சாறு 5க்குச் சற்று மேலே என்றால், வித்தியாசம் மூன்று மடங்கு இல்லை, ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. இப்படிப் பெருக்கலைப் படியாக மாற்றும் கணக்குக்கு மடக்கை என்று பெயர். தூய நீரில் 55 கோடி மூலக்கூறுகளில் ஒன்றுதான் ஹைட்ரஜன் அயனியைப் பிரித்துக் கொடுத்திருக்கும். அதுதான் 7 என்ற படி. சுண்ணாம்புத் தெளிவு நீரில் அது இன்னும் லட்சக்கணக்கான மடங்கு குறைந்து 12ஐத் தாண்டிவிடும். இவ்வளவு பரந்த வீச்சைச் சின்ன எண்களில் அடக்க மடக்கையை விட்டால் வேறு வழியில்லை.

இந்தப் படிக்கட்டைக் கட்டியவர் சோரன்சன் என்ற டென்மார்க்காரர். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பு ஆலையின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். நொதிகள் வேலை செய்யும் வேகம் அமில அளவைப் பொறுத்துத் தாறுமாறாக மாறுவதைக் கண்டு, அதை ஒழுங்காகக் குறிக்க 1909இல் இந்த எண்ணை முன்மொழிந்தார். பிஎச்சில் உள்ள 'பி' எதைக் குறிக்கிறது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

சோரன்சன் அளந்தது நிறத்தை மட்டும் நம்பி அல்ல. பிளாட்டினத் தகட்டைக் கரைசலில் நிறுத்தி, அதன்மேல் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழியிட வைத்து, தகட்டில் எழும் மின்னழுத்தத்தை அளந்தார். கரைசலோடு மின்சாரப் பேச்சு நடத்தும் இப்படிப்பட்ட முனைக்கு மின்வாய் என்று பெயர். ஹைட்ரஜன் மின்வாய் மிக நேர்மையானது. இன்றும் மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே மூல அளவுகோல். ஆனால் நாசூக்கான பிறவி. எரியக்கூடிய வாயுவை ஓயாமல் ஊத வேண்டும், கொஞ்சம் கந்தகம் பட்டால் தகடு செயலிழந்துவிடும். சர்க்கரை ஆலைக்குள் அதைக் கொண்டுபோக முடியாது.

மாற்றுவழி, சோரன்சனுக்கு முன்பே வேறொரு மூலையில் தலைகாட்டியிருந்தது. 1906இல் மாக்ஸ் கிரெமர் என்ற ஜெர்மானிய உடலியலாளர், உயிர்ச்செல்களின் சவ்வுகளில் மின்னழுத்தம் எப்படி எழுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். சவ்வுக்குப் பதிலாக மெல்லிய கண்ணாடித் தடுப்பை வைத்து, ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் வேறு கரைசலும் ஊற்றிப் பார்த்தார். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனாலும் இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்தம் தெரிந்தது. 1909இல் ஃபிரிட்ஸ் ஹாபரும் கிளமென்சிவிச்சும் சேர்ந்து, அந்த மின்னழுத்தம் அமில அளவைப் படிப்படியாகப் பின்தொடர்கிறது என்று அளந்து காட்டினார்கள். காற்றிலிருந்து உரம் செய்ய வழி கண்ட அதே ஹாபர்தான்.

கண்ணாடி எப்படிப் புளிப்பை அறிகிறது? நம் பழைய வீடுகளின் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீண்ட சுவர். தெருப்பக்கம் ஒரு திண்ணை, உள்முற்றத்துப் பக்கம் ஒரு திண்ணை. உள்முற்றத்தில் எப்போதும் ஒரே அளவு கூட்டம். அது மாறவே மாறாது. தெருவில் உள்ள கூட்டம் நாளுக்கு நாள் மாறும். ஆடிக் கிருத்திகை அன்று காவடிக் கூட்டம் தெருவை அடைத்து நிற்கும்போது வெளித்திண்ணையில் இடம் நிரம்பும். சாதாரண நாளில் ஒருசிலர் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு திண்ணைகளையும் ஒப்பிட்டால், தெருவைப் பார்க்காமலேயே தெருக்கூட்டத்தின் அளவைச் சொல்லிவிடலாம்.

பிஎச் மின்வாயின் நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழ் இந்தச் சுவர். தண்ணீரில் ஊறியதும் அதன் இரு முகங்களிலும் மயிரிழையைவிட மிக மெல்லிய, கூழ் போன்ற ஓர் அடுக்கு உண்டாகிறது. அதுதான் திண்ணை. அதில் ஹைட்ரஜன் அயனிகள் உட்கார இடங்கள் உண்டு. குமிழுக்குள்ளே பிஎச் மாறாத கரைசல், பெரும்பாலும் 7, அடைத்து மூடப்பட்டிருக்கும். வெளியே நாம் அளக்க வேண்டிய சாறு. சாற்றில் அயனிகள் அதிகம் என்றால் வெளித்திண்ணையில் அதிகம் உட்காரும். அவை நேர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் வெளிமுகம் உள்முகத்தைவிட நேர்பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் நாம் அளக்கும் மின்னழுத்தம். ஏற்கெனவே உட்கார்ந்த நேர்மின் அயனிகள் புதிதாக வருவதைத் தள்ளிவிடும். அதனால் கூட்டம் பத்து மடங்கானாலும் மின்னழுத்தம் பத்து மடங்காகாது. ஒரு குறிப்பிட்ட அளவே கூடும். அடுத்த பத்து மடங்குக்கும் அதே அளவு. 25 பாகை செல்சியஸில் அது ஏறக்குறைய 59 மில்லிவோல்ட். பெருக்கலைப் படியாக மாற்றிய சோரன்சனின் மடக்கை வேலையைக் கண்ணாடி தானாகவே செய்துவிடுகிறது. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். ஹைட்ரஜன் அயனி மிகச் சிறியது ஆயிற்றே, கண்ணாடிக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடாதா? நெடுநாள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அதைச் சோதிக்க, ஹைட்ரஜனின் கதிரியக்க உறவான ட்ரிட்டியத்தை ஒரு பக்கம் கலந்து மறுபக்கத்தைக் கண்காணித்தார்கள். ட்ரிட்டியம் கதிர்வீசுவதால் மிகக் கொஞ்சம் கடந்திருந்தாலும் அகப்பட்டிருக்கும். எதுவும் கடக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தவர் சுவரை ஊடுருவிப் போவதில்லை. சுவருக்குள் இருக்கும் சோடியம் அல்லது லித்தியம் அயனிகள்தான், செங்கல்லைக் கைமாற்றிக் கொடுக்கும் கொத்தனார் வரிசைபோல, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து, ஒரு முகத்தின் அழுத்தத்தை மறுமுகத்துக்குத் தெரிவிக்கின்றன.

இத்தோடு வேலை முடியவில்லை. ஒரு மலையின் உயரம் என்ன என்று கேட்டால், எங்கிருந்து என்று திருப்பிக் கேட்க வேண்டும். மின்னழுத்தமும் அப்படித்தான், ஒரு முனையை மட்டும் வைத்து அளக்க முடியாது. சாற்றுக்குள் இன்னொரு முனை வேண்டும், அது சாறு எதுவானாலும் மாறாமல் நிற்க வேண்டும். அதற்கு ஒப்பீட்டு மின்வாய் என்று பெயர். வெள்ளிக் கம்பி, அதன்மேல் வெள்ளி குளோரைடு பூச்சு, சுற்றிலும் அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு கரைசல். அந்தக் கரைசல் நுண்துளைகள் கொண்ட ஒரு சிறு அடைப்பான் வழியாகச் சாற்றுக்குள் மிக மெதுவாகக் கசியும். மின்சுற்று அந்தக் கசிவின் வழியே முழுமையடைகிறது. சமையல் உப்பைப் போடாமல் ஏன் பொட்டாசியம் குளோரைடு? பொட்டாசியம் அயனியும் குளோரைடு அயனியும் தண்ணீரில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நகர்பவை. ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் அந்த வாயிலிலேயே தேவையற்ற ஒரு மின்னழுத்தம் முளைத்து அளவைக் கெடுக்கும். சமவேக மாட்டுச்சோடியாகப் பார்த்துப் பூட்டியிருக்கிறார்கள்.

இன்று கடைகளில் கிடைக்கும் பேனா போன்ற பிஎச் கருவியில் இரண்டு மின்வாய்களும் ஒரே குழாய்க்குள் அடங்கியிருக்கும். திரவத்தின் ஒரு குணத்தை மின்குறிப்பாக மாற்றித் தரும் இத்தகைய கருவிகளை மின்வேதி உணர்விகள் என்கிறோம். வேதிவினையும் மின்சாரமும் சந்திக்கும் இந்தத் துறைக்கு மின்வேதியியல் என்று பெயர். இதற்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் நன்கொடையும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று அதைத் திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன். 1888இல் திருத்தணியில் பிறந்தவர் அவர்.

கண்ணாடி மின்வாய் 1909இலேயே தெரிந்துவிட்டது என்றேன். பிறகு ஏன் கால் நூற்றாண்டு ஆய்வகத்து மூலையிலேயே கிடந்தது? கண்ணாடியின் மின்தடைதான் காரணம். பத்துக் கோடி ஓம் என்பது அதற்குச் சர்வசாதாரணம். ஆற்று மணலில் சின்ன ஊற்று தோண்டியிருக்கிறீர்களா? குழியில் மெல்ல நீர் சுரந்து ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தை அறிய ஒரு குடத்தால் மொண்டு பார்த்தால் குழியே வற்றிவிடும். கண்ணாடி மின்வாயும் அப்படித்தான் சொட்டுச் சொட்டாக மின்னோட்டம் தரும். மின்பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சாதாரண மல்ட்டிமீட்டரின் உள்தடை ஏறக்குறைய ஒரு கோடி ஓம். அதைப் பத்துக் கோடி ஓம் கண்ணாடியோடு இணைத்தால் உண்மை மின்னழுத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் காட்டும். ஊற்று நீரைத் தொடாமல் மட்டத்தை மட்டும் பார்க்கும் ஒரு கண் வேண்டியிருந்தது.

அதை 1934இல் கலிபோர்னியாவில் செய்தவர் ஆர்னல்ட் பெக்மன். அவருடைய நண்பர் கிளென் ஜோசப் எலுமிச்சை, ஆரஞ்சு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தில் வேதியியலாளர். எலுமிச்சைச் சாற்றின் அமில அளவைத் தெரிந்துகொள்ள வேண்டியது அவர் வேலை. ஆனால் சாறு கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடு (அதே கந்தகப் புகைதான்) லிட்மஸ் நிறத்தை வெளுத்துவிடும், ஹைட்ரஜன் மின்வாயையும் முடக்கிவிடும். கண்ணாடியை மட்டும் கந்தகம் ஒன்றும் செய்யாது. ஜோசப் கண்ணாடி மின்வாயை எடுத்தார். அதன் நலிந்த மின்குறிப்பைப் படிக்கக் கருவியில்லை. பெக்மன் வானொலிப் பெட்டிகளில் இருக்கும் வெற்றிடக் குழாய்களை வைத்து ஒரு மின்பெருக்கி செய்து கொடுத்தார். அது கண்ணாடியிடமிருந்து மின்னோட்டம் ஏறக்குறைய எதுவுமே கேட்காமல் மின்னழுத்தத்தைப் படித்தது. நண்பர் கொஞ்ச நாளில் வந்து இன்னொன்று கேட்டபோதுதான், இதற்குச் சந்தை உண்டு என்று பெக்மனுக்குத் தோன்றியதாம். அமிலமானி என்ற பெயரில் 195 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய கருவிகளில் வெற்றிடக் குழாய் இருந்த இடத்தில் டிரான்சிஸ்டர். உள்தடை லட்சம் கோடி ஓம் வரை.

எலுமிச்சை விவசாயிகளின் கூட்டுறவும் கரும்பு விவசாயிகளின் கூட்டுறவும் உலகின் எதிரெதிர் மூலைகள். ஆனால் தொல்லை ஒன்றே: கந்தகப் புகை கலந்த சாறு. அங்கே பிறந்த கருவி இங்கே பொருந்தியதில் வியப்பில்லை.

பொருந்தியது என்றாலும் ஆலை அதற்குச் சுகமான இடமல்ல. சாறு ஏறக்குறைய 70 பாகைச் சூட்டில் ஓடுகிறது. சூடு ஏற ஏற அயனிகளின் ஆட்டம் கூடும்; ஒரு பிஎச் படிக்கு 59 மில்லிவோல்ட் என்றது 70 பாகையில் 68 ஆகிவிடும். திருத்தணியில் மே மாத வெயில் 40 பாகை என்றால், நிழலில் வைத்த நீருக்கே 62. கருவி இதை அறியாமல் 59 என்றே கணக்குப் போட்டால், 7ஐ விட்டு விலக விலகப் பிழையான எண்ணைத்தான் காட்டும். ஆகவே மின்வாயின் பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் மூழ்கியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் கருவி விடை சொல்லும். சாற்றை 7.0இல் நிறுத்த வேண்டிய இடத்தில் 0.1 படி பிசகினால் அது ஆறேழு மில்லிவோல்ட்தான். ஒரு டார்ச் லைட் பேட்டரியின் 1,500 மில்லிவோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு சுண்ணாம்பும் வண்டலும் குமிழின்மேல் தோலாகப் படியும். திண்ணையின்மேல் மண் கொட்டியதுபோல் ஆகிவிடும். நீர்த்த அமிலத்தால் அவ்வப்போது கழுவ வேண்டும்.

இன்னொரு குறையும் கண்ணாடிக்கு உண்டு. சலவைச் சோடாக் கரைசல் போல மிகுந்த காரமான திரவங்களில் ஹைட்ரஜன் அயனிகள் அருகிப்போய், சோடியம் அயனிகள் நிறைந்திருக்கும். காலியாகக் கிடக்கும் திண்ணையில் சோடியம் வந்து உட்கார்ந்துவிடும். கருவி அதையும் ஹைட்ரஜன் என்று எண்ணி, உண்மையைவிடக் குறைந்த பிஎச்சைக் காட்டும். கண்ணாடியில் சோடியத்துக்குப் பதில் லித்தியம் சேர்த்து வார்த்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும். இதே குறையைத் திருப்பிப் போட்டு, சோடியத்தை வேண்டுமென்றே உட்கார வைக்கும் கண்ணாடி வகைகளையும் செய்தார்கள். ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று அளக்கும் மின்வாய்கள் அந்த வழியில் வந்தவை.

இவ்வளவு சிக்கலான ஒன்று காட்டும் எண்ணை எப்படி நம்புவது? சந்தைத் தராசை நம்புவதுபோலத்தான். முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் எந்தத் தராசையும் நம்பக் கூடாது. பிஎச் கருவிக்கு எடைக்கல் தாங்கல் கரைசல். கொஞ்சம் அமிலமோ காரமோ விழுந்தாலும் தாங்கிக்கொண்டு தன் பிஎச்சை மாற்றாமல் வைத்திருப்பதால் அந்தப் பெயர். 4.01, 6.86, 9.18 என்ற மூன்றும் அதிகம் புழங்குபவை. இவற்றில் மூன்றாவது, பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரத்தை நீரில் கரைத்தது. இந்த எடைக்கற்களின் மதிப்பைச் சோரன்சன் காலத்து ஹைட்ரஜன் மின்வாயை வைத்துத்தான் தர ஆய்வகங்கள் இன்றும் நிர்ணயிக்கின்றன. ஒரு கரைசலில் நனைத்தால் கருவியின் தொடக்கப்புள்ளி சரியாகும். இரண்டாவதில் நனைத்தால்தான் ஒரு படிக்கு எத்தனை மில்லிவோல்ட் என்பது தெரியும். புதுக் குமிழ் 59ஐ ஒட்டித் தரும். வயதாக ஆக அது குறையும். 50க்குக் கீழே போனால் அந்தக் குமிழை மாற்றிவிடுவதே நல்லது.

நான் பார்த்த ஒரு பள்ளி ஆய்வகத்தில் கருவி அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. குமிழ் காய்ந்து வெளுத்திருந்தது. குழாய் நீர், எலுமிச்சைச் சாறு, சோப்பு நீர் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டியது. பிள்ளைகள் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். எனக்கு அது வலித்தது. ஆரத்தித் தட்டில் எலுமிச்சை பிழிந்திருந்தாலே அந்த எண் பொய் என்று அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்திருப்பார்கள்.

இப்போது சில நூறு ரூபாய்க்கே பிஎச் பேனா கிடைக்கிறது. போர்வெல் நீரைச் சோதிக்க, வயலின் மண்ணைக் கரைத்துப் பார்க்க, மீன் தொட்டிக்கு என்று பலரும் வாங்குகிறார்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 6.5 முதல் 8.5 வரை. உங்கள் பேனா 6.2 என்றோ 8.9 என்றோ காட்டினால் பதறும் முன் தாங்கல் கரைசலில் நனைத்துப் பாருங்கள். பேனா வாங்கும்போதே 4.01, 6.86 பொடிப் பொட்டலங்களையும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தேவையில்லை என்று சொன்னாலும் விடாதீர்கள். அளந்த பிறகு குமிழைத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும். வெறும் வாலை வடிநீரில் ஊறப்போடவும் வேண்டாம். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்த பஞ்சை மூடிக்குள் வைத்து மூடுங்கள். நம் ஊர் வெயிலில் மூடி போடாமல் விட்ட குமிழ் வெகுசீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த குமிழும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.